ப்ளூடூத் ஹெட்செட் வாங்கும் முன்: உங்கள் காதுக்கு முன்னால் எதிர்முனைக் காதைக் கேளுங்கள்

போன ஆடியில் ஒரு மத்தியானம் சித்தப்பா பையன் கூப்பிட்டான். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறான். புதிதாக ஒரு நெக்பேண்ட் வாங்கி, அதை மாட்டிக்கொண்டு எக்ஸெல் வண்டியில் போய்க்கொண்டே பேசுகிறான். "எப்படிங்ணா கேக்குது?" என்று அவன் கேட்டதே எனக்கு நாலாவது தடவைதான் புரிந்தது, மற்றதெல்லாம் புஸ்ஸென்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள், அது குண்டூசித் தலை அளவு மைக் ஓட்டைக்குள் புகுந்தால் கேட்கவா வேண்டும். ஆனால் அவனுக்கு அந்த ஹெட்செட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. "பாட்டு சும்மா அள்ளுதுங்ணா" என்றான்.

வில்லங்கமே இங்கேதான் இருக்கிறது. நமக்குக் கேட்பது பாதி, எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்பது மீதிப் பாதி, அந்த மீதிப் பாதியை வாங்குகிறவர் ஒருநாளும் கேட்பதில்லை. கடையிலும் பாட்டுப் போட்டுத்தான் காட்டுவார்கள். பாட்டு இன்று ஆயிரம் ரூபாய் சாமானிலேயே ஓரளவு நன்றாகத்தான் கேட்கிறது. பேச்சுதான் மாட்டிக்கொள்கிறது. எங்கள் ஒறம்பரையில் யார் ஹெட்செட் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது பழக்கமாகிவிட்டதால், நல்லதும் கெட்டதுமாக நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. எந்த வரிசையில் யோசித்தால் காசு வீணாகாது என்பதை மட்டும் எழுதுகிறேன். மாடல் பெயர் சொல்ல மாட்டேன், ஆறு மாதம் கழித்து நீங்கள் படிக்கும்போது அந்த மாடலே கடையில் இருக்காது.

படி 1: எங்கே நின்று பேசுவீர்கள்?

விலை, பிராண்ட், கலர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, ஒரு நாளில் எங்கெங்கே இருந்து பேசுகிறீர்கள், எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், எவ்வளவு நேரம் சும்மா கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். சிரிக்க வேண்டாம், இதை எழுதாமல் போனவர்கள்தான் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதை வாங்கி வருகிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் தங்கைக்குக் காலையில் இருந்து சாயங்காலம் வரை பேச்சுதான், பையருக்கு ஒன்று, டையிங்குக்கு ஒன்று, நடுவில் லேப்டாப்பில் மீட்டிங். நாமக்கல்லில் இருந்து லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போகும் மாமாவுக்கு ஒரு காது ரோட்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கோவையில் இருந்து ஈரோட்டுக்குத் தினமும் ரயிலில் போய் வரும் பையனுக்குப் பேச்சே கிடையாது, பாட்டும் படமும்தான். இந்த மூன்று பேருக்கும் ஒரே ஹெட்செட் ஒத்துவராது.

தறி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். விசைத்தறிக் கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதற்குள் நின்றுகொண்டு தெளிவாகப் பேச வைக்கும் ஹெட்செட் நாம் வாங்குகிற விலையில் கிடையாது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. வெளியே வந்து பேசுங்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று சவுண்டைக் கூட்டுவது இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். தறிக்குள் நிற்கிறவருக்கு அந்த நாலு மணி நேரம் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், அதற்கு மேல் பாட்டு வேறு என்றால் காது என்னதான் செய்யும். அங்கே வேண்டியது காதடைப்பான், ஹெட்செட் இல்லை.

படி 2: உருவத்தை முடிவு செய்யுங்கள்

சீட்டு எழுதியாகிவிட்டதா, இப்போது பார்க்க வேண்டியது மைக் உங்கள் வாயில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதைத்தான். அந்தத் தூரம் குறையக் குறைய எதிர்முனைக்காரருக்கு நிம்மதி. வேறு எந்த வித்தையும் அதை முழுசாக ஈடுகட்டாது.

ஒற்றைக் காது ஹெட்செட், அதாவது பழைய காலத்தில் மார்க்கெட்டிங்காரர்கள் மாட்டிக்கொண்டு திரிந்தது, இன்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதை விட நல்ல சாமான் கிடையாது. வாய்ப் பக்கம் நீளும் சின்னக் கம்பியில் மைக் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் கேபின் இரைச்சலிலும் பேச்சு பிழைக்கும், மற்றக் காது ஹாரனுக்குத் திறந்திருக்கும். சில பெரிய கம்பெனிகள் இந்த வகையையே குறைத்துக்கொண்டதால் கடையில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. லாரி, ரிக் வண்டிக்காரர்கள் புழங்கும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பிடித்துப் பேசுவது அபாயகரமாக ஓட்டுவதில் சேரும் என்று 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. கையில் பிடிக்காமல் காதில் மாட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு டூவீலர் ஓட்டினால் பின்னால் வரும் டவுன் பஸ் கேட்காது.

நெக்பேண்ட் நம் ஊருக்கு நல்ல பொருத்தம். கழற்றினால் கழுத்தில் தொங்கும், தொலையாது, சார்ஜ் நாள் கணக்கில் நிற்கும், பட்டன் அமுக்கும் பட்டனாகவே இருக்கும். கிரீஸ் கையோடு தொட்டாலும் வேலை செய்யும். குறை ஒன்றுதான், பல நெக்பேண்டில் மைக் கழுத்துப் பட்டையிலோ வயரின் நடுவிலோ இருக்கிறது. தோளில் துண்டு போட்டிருப்பவர்கள் பேசும்போது சரக் சரக்கென்று உரசுவது எதிர்முனைக்கு இடி மாதிரி விழும். எங்கள் அப்பாரு அப்படித்தான் பேசுவார், நாங்கள் எல்லாரும் "துண்டை எடுங்கப்பாரு" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்போம்.

இயர்பட்ஸ், இன்று எல்லாரும் கேட்பது. இதில் கீழ்நோக்கித் தண்டு நீளும் வகையில் மைக் வாயை நோக்கிக் கொஞ்சம் இறங்கி வருவதால், உருண்டையாகக் காதுக்குள்ளேயே அடங்கும் வகையை விடப் பெரும்பாலும் பேச்சுக்கு நல்லது. ஹெல்மெட்டோடு ஒத்துவராது. நான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது வலது பக்கத்தைச் சாக்கடைக்குக் கொடுத்தேன், ஒற்றை பட் மட்டும் தனியாக வாங்கக் கேட்டால் புது ஜோடி விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள். தொலைக்கிற கை உங்களுடையது என்றால் நெக்பேண்டோடு நில்லுங்கள்.

தலைமேல் மாட்டும் பெரிய ஹெட்போன் லேப்டாப்பில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் காது வெந்துவிடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் மீட்டிங் இருப்பவர்கள் கால் சென்டரில் மாட்டுவது போல மைக் கம்பி நீண்டிருப்பதையே வாங்கலாம், அழகு குறைச்சல்தான்.

இன்னொரு வகை, காதுக்குள் ஒன்றுமே போகாமல் கன்னத்து எலும்பில் ஒட்டி அதிர்வது. காது முழுக்கத் திறந்திருக்கும், காலையில் கோவை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடப்பவர்களுக்கும் தோட்டத்துக்குள் தனியாக நடமாடுகிறவர்களுக்கும் நல்லது. பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த அதிர்வொலி, எதிர்பார்க்கக் கூடாது, பஸ்ஸுக்குள் ஒன்றுமே கேட்காது.

படி 3: ஏஎன்சி வேறு, இஎன்சி வேறு

இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஏமாந்தவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும். ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கு வரும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது. இஎன்சி என்பது உங்கள் மைக் வழியாகப் போகும் சத்தத்தைக் குறைப்பது, அதன் பலன் எதிர்முனைக்காரருக்குத்தான், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இஎன்சி. அதை வாங்கிப் போய் "பஸ் சத்தம் குறையவே இல்லையே" என்று சண்டை பிடிப்பதில் நியாயம் இல்லை.

ஏஎன்சி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதற்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வெளியே இருக்கும் மைக் இரைச்சலைக் கேட்டு, அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உள்ளே ஸ்பீக்கரில் விடுகிறது, மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுகிறது. போஸ் ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் 1978-இல் விமானத்தில் போகும்போது எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல்தான் இந்த யோசனையைப் பிடித்தார். விமான எஞ்சின் எப்படி ஒரே சீராக, தாழ்ந்த குரலில் உறுமுகிறதோ அப்படிப்பட்ட சத்தத்தில்தான் இது கெட்டி: பஸ் எஞ்சின், ரயில், ஃபேன், ஏசி. குழந்தை அழுகை, பக்கத்து சீட்டுப் பேச்சு, டிபன் கடையில் கொத்துப் பரோட்டா கொத்துவது, இதெல்லாம் திடீரென்று வரும், உச்சத்தில் வரும், அங்கே ஏஎன்சி திணறும். நாடாத் தறியின் டக்டக் சத்தமும் அந்த ரகம்தான்.

உச்சச் சத்தத்தைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பர் முனைதான். பெட்டியில் மூன்று அளவு கொடுப்பார்கள், பாதிப் பேர் நடு அளவை மாட்டியதோடு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒரு அளவு, வலதுக்கு வேறு அளவு பொருந்துவது சகஜம். சரியாக அடைத்தால் பேஸ் தானாகக் கூடும், அடைக்காவிட்டால் ஐயாயிரம் ரூபாய் பட்ஸும் தகரம் மாதிரிதான் ஒலிக்கும்.

படி 4: போனோடு பொருத்தம் பார்ப்பது

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிட வேண்டும், ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்களில் முக்கால்வாசி உங்களுக்கு வேண்டாதது.

ப்ளூடூத் 5.3, 5.4 என்று போட்டிருப்பது ஒலியின் தரம் கிடையாது. 4.2 இருக்கும் பழைய போனோடும் புது ஹெட்செட் சேரும், வேலை செய்யும். பாட்டின் தரத்தைச் சொல்வது கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்பிசி எல்லா ஹெட்செட்டிலும் இருந்தே தீரும். ஐபோன் வைத்திருந்தால் எஸ்பிசி, ஏஏசி இரண்டோடு சரி, அதனால் ஐபோன்காரர்கள் எல்டிஏசி, ஆப்டெக்ஸ் என்று எழுதியிருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுப்பது தண்டம். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ஆனால் சிக்னல் நெருக்கடியில் தானாகவே கீழே இறங்கிக்கொள்ளும், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்த வித்தியாசத்தைக் கேட்டுவிடும் காது எனக்கு இல்லை. இப்போது எந்தக் கோடெக்கில் ஓடுகிறது என்று பார்க்க ஆசையா, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் ப்ளூடூத் ஆடியோ கோடெக் என்று இருக்கும்.

எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி வேறு. "பாட்டு நல்லா கேக்குதுங்க, மீட்டிங் போட்டா மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குதுங்க, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" யாரும் ஏமாற்றவில்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு வேறு பாதை. பாட்டுப் பாதையில் ஒலி ஒரு பக்கம் மட்டும் போகும், அதனால் தாராளமாகப் போகும், ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து எடுக்கும் மாதிரிகள் என்ற கணக்கில். மைக்கைத் திறந்த அடுத்த நொடி ஹெட்செட் பேச்சுப் பாதைக்கு மாறிவிடும், அங்கே போகவும் வரவும் இரண்டு பக்கமும் ஒலி ஓட வேண்டும், அதனால் 16,000 அல்லது பழைய சாமானில் 8,000 மாதிரிகளோடு நின்றுவிடும். உங்களுக்குக் கேட்பதும் அந்த அளவுக்கே இறங்கிவிடும். பத்தாயிரம் ரூபாய் ஹெட்செட்டிலும் இதே கதைதான்.

இதற்கு லேப்டாப்பில் ஒரு குறுக்கு வழி உண்டு. மீட்டிங் செயலியின் செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் பாட்டுப் பாதையிலேயே இருக்கும், உங்களுக்கு அருமையாகக் கேட்கும், அறை அமைதியாக இருந்தால் உங்கள் குரலும் எதிர்முனைக்கு நன்றாகப் போகும். என் தங்கை இதைச் செய்த நாளில் இருந்து புது ஹெட்செட் வாங்கும் பேச்சையே விட்டுவிட்டாள். எல்இ ஆடியோ என்ற புது முறையில், எல்சி3 என்ற கோடெக்கோடு, இந்தச் சங்கடம் நன்றாகக் குறைகிறது, ஆனால் போனிலும் ஹெட்செட்டிலும் இரண்டிலுமே அது இருந்தால்தான். வாங்கும் ஹெட்செட்டில் இருந்தால் நல்லது, அதற்காகவே போனை மாற்ற வேண்டாம்.

கேம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: எஸ்பிசியில் ஒலி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாக வருவது சாதாரணம். படம் பார்க்கும் செயலிகள் உதட்டசைவை அதற்கு ஏற்றபடி நிறுத்தி ஓட்டிவிடும், கேமில் அந்தச் சலுகை கிடையாது. லோ லேட்டன்சி மோட், அதாவது இந்தத் தாமதத்தைக் குறைக்கும் வசதி, உள்ளதைத் தேடுங்கள், அல்லது வயர் ஹெட்செட்டே போதும்.

போனும் லேப்டாப்பும் இரண்டும் கையில் இருப்பவர்களுக்கு மல்டிபாயிண்ட் இருக்கிறதா என்று கேட்கச் சொல்வேன். ஒரே நேரத்தில் இரண்டோடும் சேர்ந்திருக்கும், லேப்டாப்பில் வீடியோ ஓடும்போது போன் அடித்தால் தானாகத் தாவும். இந்த வசதிக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

படி 5: பேட்டரிக் கணக்கு

"60 மணி நேரம்" என்று எழுதியிருந்தால் அது பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் பெட்டியான கேஸையும் சேர்த்து. காதில் இருக்கும் பட்ஸ் மட்டும் எத்தனை மணி நேரம் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். அந்தக் கணக்கும் பாதிச் சவுண்டில், ஏஎன்சி அணைத்து, பாட்டு மட்டும் ஓட்டிப் பார்த்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஏஎன்சி போட்டுப் பேசிக்கொண்டே இருந்தால் எழுதியிருப்பதில் பாதி, கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஸுக்குள் இருப்பது துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெரிய செல். தினமும் ஒரு முறை முழுசாகத் தீர்த்து ஏற்றினால் இரண்டு வருஷத்தில் நன்றாகத் தளர்ந்துவிடும், மாற்றுவதும் பெரும்பாலும் முடியாது, அதனால் இயர்பட்ஸ் என்பது இரண்டு, மூன்று வருஷச் சாமான் என்று நினைத்து விலையை முடிவு செய்யுங்கள். நெக்பேண்டில் செல் பெரிசு, செல்போன் ரிப்பேர் கடைக்காரரே சில மாடலைப் பிரித்து மாற்றித் தந்துவிடுகிறார். லித்தியம் பேட்டரிக்கு வெயில்தான் எமன். பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் 40 டிகிரி அடிக்கும்போது மூடிய வண்டியின் டேஷ்போர்டில் ஹெட்செட்டை விட்டுப் போனால் ஒரு வருஷ ஆயுளை ஒரு கோடையில் தின்றுவிடும்.

டைப்-சி போர்ட் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில மலிவு கேஸ்கள் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் வயரில் சார்ஜ் ஏறாது, ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக இருக்கும் வயரில் ஏறும். உள்ளே வைக்க வேண்டிய ஒரு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்ததால் வரும் வினை. "புது போன் சார்ஜர்ல போட்டேன், கேஸ் செத்துப் போச்சு" என்று வருகிறவர்களுக்கு முதலில் வயரை மாற்றித்தான் கொடுப்பேன், பாதி கேஸ் உயிரோடு எழுந்து வந்துவிடும்.

படி 6: வேர்வை, மழை, பஞ்சு

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், வேர்வைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். நடுவில் இருக்கும் எக்ஸ்தான் நம் ஊருக்கு முக்கியம், தூசிக்குச் சோதிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். நிட்டிங், ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை என்றால் ஐபி54, ஐபி55 என்று முன்னால் ஓர் எண் இருப்பதைப் பாருங்கள். அப்படி இருந்தாலும் பஞ்சும் காதுக்குறும்பியும் சேர்ந்து வலையை அடைக்கத்தான் செய்யும். "ஒரு பக்கம் சவுண்டு கம்மியாயிருச்சு" என்பதற்கு பல நேரம் காரணம் அதுதான். பழைய டூத் பிரஷ், உலர்ந்தது, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டித் தேய்த்தால் சரியாகும். குண்டூசியால் குத்தாதீர்கள். அப்புறம், இந்தத் தண்ணீர்க் கணக்கெல்லாம் பட்ஸுக்கு, சார்ஜ் கேஸுக்குப் பெரும்பாலும் கிடையாது.

படி 7: கடையில் நின்று சோதிப்பது

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஆன்லைனில் நூறு, இருநூறு குறைவாகக் கிடைக்கும், மறுக்கவில்லை, ஆனால் காதில் மாட்டும் சாமான் என்பதால் பல இடத்தில் பணம் திரும்பக் கிடைக்காது, வேறு ஒன்று மாற்றித்தான் தருவார்கள். வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். டெமோ பீஸ் வைத்திருக்கும் கடை கிடைத்தால் நான் கடையைத்தான் சொல்வேன்.

போவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம், "நான் கூப்பிடுவேன், உண்மையைச் சொல்லணும், மனசு கோணும்னு பார்க்காதே" என்று சொல்லி வையுங்கள். கடையில் டெமோ பீஸை உங்கள் போனோடு சேர்த்து நிஜமாகவே ஒரு கால் போடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்பாதீர்கள், அது போனின் சொந்த மைக்கில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கடைக்குள் இருந்து பேசுங்கள். அப்புறம் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு வாருங்கள். கோவை கிராஸ்கட் ரோடு மாதிரி ஒரு ரோட்டு வாசல் போதும், அதை விட நல்ல சோதனைக்கூடம் எங்கேயும் கிடையாது. அங்கே நின்று வழக்கமாகப் பேசும் குரலில் ஒரு போன் நம்பரையும் ஒரு ஊர்ப் பெயரையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "கேக்குது கேக்குது" என்பார்கள், அதை ஒத்துக்கொள்ளாதீர்கள், எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதா ஏழா என்று தடுமாறினால் அந்த மாடல் வேண்டாம். இஎன்சி மட்டமாக இருந்தால் ரோட்டுச் சத்தத்தோடு சேர்த்து உங்கள் குரலையும் வெட்டும், தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு ஒரு சோதனை: கடையில் ஓடும் டேபிள் ஃபேன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஆடி மாதம் இங்கே ஹெட்செட் வாங்குகிறவர்களுக்கு ஃபேன் கூடத் தேவைப்படாது.

பிறகு போனை பேண்ட்டின் வலது பாக்கெட்டில் வைத்துப் பத்தடி நடங்கள், இடது பாக்கெட்டுக்கு மாற்றி மறுபடியும். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், மட்டமான சாமானில் ஒரு பக்கப் பாக்கெட்டில் வைத்தால் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும். இயர்பட்ஸ் என்றால் ஒற்றை பட் மட்டும் எடுத்து மாட்டிப் பேச முடிகிறதா என்று பாருங்கள், இடது, வலது இரண்டையும் தனித்தனியாக. ஐந்து நிமிஷம் காதிலேயே வைத்திருந்து வலி எடுக்கிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிஷத்தில் உறுத்துவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடாது.

பெட்டியில் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் அதோடு ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தச் சாமான் என்று வந்துவிடும். இறக்குமதிச் சாமான் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாடு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் "ஃபர்ஸ்ட் காப்பிங்க, ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்று எடுத்துக் கொடுத்தால், பார்க்க மாதிரியே இருக்கும் என்பது உண்மைதான், ஐபோனில் காட்டினால் திரையில் படம் கூட அதே மாதிரி வந்து நிற்கும், உள்ளே இருக்கும் மைக்கும் பேட்டரியும் மட்டும் வேறு. ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வாரண்டிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பில் இருந்தும் சர்வீஸ் செண்டர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரத்தில் நீங்கள் சீட்டில் எழுதிய எல்லா இடத்திலும் ஒரு முறையாவது பேசிப் பாருங்கள், மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். போனில் சவுண்ட் எல்லையை வைத்துவிடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் போவது என்றால் கட்டாயம்.

வீட்டில் நாலு போனோடு சேர்த்து வைத்தால் பெட்டியைத் திறந்ததும் எதனோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஒரு நோம்பி நாளில் அம்மிணி ஹாலில் உட்கார்ந்து சீரியலைப் போட, ஒலி மாடியில் இருந்த என் காதில் வந்து விழுந்தது. வேண்டாத போன்களில் அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்து மற்றது செத்தது போல இருந்தால், இரண்டையும் கேஸில் வைத்து ரீசெட் செய்து, போனிலும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். கடைக்கு எடுத்துப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பெரியவர்களுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் தொடுதிரை மாதிரி தட்டுவதெல்லாம் வேண்டாம், அமுக்கினால் டிக்கென்று சத்தம் வரும் பட்டன் உள்ளதை வாங்குங்கள். காது கேட்கும் கருவி மாட்டியிருக்கிறார் என்றால் அந்தக் கருவியே போனோடு நேராகச் சேருமா என்று முதலில் விசாரியுங்கள், புதிய கருவிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது, தனி ஹெட்செட்டே தேவைப்படாது.

சித்தப்பா பையனுக்கு அந்த நெக்பேண்டை மாற்றித் தர மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள், சாமானில் பழுது ஒன்றும் இல்லை என்பதால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. அது இப்போது அவன் அம்மாவிடம் இருக்கிறது, சமையல் செய்துகொண்டே பாட்டுக் கேட்கிறார். அவன் கம்பி நீண்ட ஒற்றைக் காது சாமான் ஒன்றை நாமக்கல் மாமா மூலமாக வாங்கிக்கொண்டான். போன வாரம் கூப்பிட்டபோது தெளிவாகக் கேட்டது. எங்கிருந்துடா பேசுகிறாய் என்று கேட்டேன், "வண்டிய நிறுத்திட்டுதானுங்ணா பேசறேன், நீங்கதான் திட்டுவீங்களே" என்றான்.